எதிர்க்காற்றில் பதினோரு கிலோமீட்டர்

ஜூன் 3, திங்கள்

மூட்டு டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். தினமும் எத்தனை கிலோமீட்டர் மிதித்தேன், எந்த முட்டி வலித்தது, எவ்வளவு நேரம் வலித்தது. இவ்வளவுதான் கேட்டார். கோபம் வந்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த நோட்டு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

பேட்டரி சைக்கிள் இன்று வந்தது. சாம்பல் நிறம். நடுவில் கம்பி தாழ்வாக இருப்பதால் புடவையோடும் ஏறலாம். நாம் மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை பொத்தானில் வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் வேண்டாம், அதற்காகத்தான் வாங்கினேன். ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு இரண்டு தடவை எட்டுப் போடப் போய் இரண்டு தடவையும் காலை ஊன்றிவிட்டு வந்தவள் நான்.

கடைசியாகச் சைக்கிள் மிதித்தது கல்யாணத்துக்கு முந்தின மாதம். இப்போது எனக்கு ஐம்பத்தொன்று.

வீட்டுக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கெழவிங்க கைத்தடி வாங்குவாங்க. நீ சக்கரம் வெச்சதா வாங்கிட்டயாக்கும்" என்றார். பக்கத்து வீட்டுச் செல்வநாயகி கேட் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததுகூடப் பரவாயில்லை, நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

தெருமுனை வரை மூன்று தடவை. வலது முட்டி லேசாக.

ஜூன் 4

விழுந்தேன். பொத்தான் ஐந்தில் இருந்ததைப் பார்க்காமல் மிதித்துவிட்டேன். செல்வநாயகி வீட்டுத் தேங்காய் மட்டைக் குவியலில் போய் நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் நான்கு பேர் முழங்கைக்கு மருந்து சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 7, வெள்ளி

முதல் தடவையாக அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனேன். மூன்று கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்கு முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதை மறைக்கப்போவதில்லை.

"ஏனுங்க மேடம், ஸ்கூட்டியே வாங்கியிருக்கலாமுங்களே?" வாசலில் ஒருவர், மாடிப்படியில் ஒருவர், கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒருவர். ஜமீலா மட்டும் ஒன்றும் கேட்காமல் வண்டியை நிழலில் நிறுத்த இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். எனக்கு எதிர் மேஜை. பதினாறு வருடப் பழக்கம்.

சாயங்காலம் வெளியே வந்தால் வீட்டுக்காரர் பைக்கோடு கேட்டில் நிற்கிறார். இருபத்தாறு வருடமாக என்னைக் காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் கூட்டிப்போகிறவர். உடுமலையில் திருமூர்த்தி உரக்கடை என்றால் தெரியாதவர்கள் கிடையாது, கடையை விட்டுவிட்டுப் பெண்டாட்டிக்காக வருகிறார் என்று எங்கள் அலுவலகமே மெச்சிக்கொள்ளும். தங்கமான மனுசன் என்பார்கள். ஐந்தே முக்காலுக்கு முடிகிற வேலைக்கு அந்தத் தங்கம் ஆறரைக்கு வரும், சில நாள் ஏழுக்கு வரும், அதுவரை நான் கேட்டில் நின்று போகிற வருகிற எல்லோருக்கும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பேன். அது யாருக்கும் தெரியாது. இன்று பார்த்தால் ஐந்து நாற்பதுக்கே வந்து நிற்கிறார்!

"சைக்கிளை இங்கயே போட்டுட்டு ஏறு" என்றார்.

"நான் மிதிச்சே வர்றனுங்க."

வீடு வரைக்கும் என் பின்னாலேயே பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். ரோட்டில் போகிற மாட்டுக்குக்கூட அத்தனை ஹாரன் அடிக்கமாட்டார்கள்.

ஜூன் 15, சனி

காலை ஆறு மணிக்குக் கிளம்பி வேப்பம்பாறை ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். போகும்போது காற்று நேராக முகத்தில். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்று, ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் விடாது. வழி நெடுகக் காற்றாலைகள். காரில் போகிறவர்கள் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், எதிரே மிதிக்கிறவளுக்கு அந்த இறக்கைகளைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. நான்கில் வைத்தும் வண்டி நகர மறுத்தது. வாய்க்கு வந்தபடி காற்றைத் திட்டினேன். ஆளில்லாத ரோட்டில் சத்தமாகத் திட்டுவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

முட்டிக்கு நல்லது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். விஷயம் அதுவல்ல. ஜூலையில் கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. காலியாக இருப்பது வேப்பம்பாறை அலுவலகம் ஒன்றுதான். பதினோரு கிலோமீட்டர், பஸ் காலையில் ஏழு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டுக்கு ஒன்று. கடையைப் போட்டுவிட்டு அவ்வளவு தூரம் வீட்டுக்காரர் கொண்டுபோய் விட முடியாது. கொண்டுபோய் விட முடியாத இடத்தில் எனக்கு வேலை கிடையாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். 2014-இல் ஒரு தடவை, 2019-இல் ஒரு தடவை, பதவி உயர்வு வேண்டாம் என்று அவர் சொல்லித்தான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு அலுவலகத்தில் துறப்புக் கடிதம் என்று பெயர். ஏதோ காவி கட்டிக்கொண்டு காசிக்குப் போகிற மாதிரி. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் இப்போது எனக்கு அதிகாரிகள்.

இந்தத் தடவை எழுதமாட்டேன். உத்தரவு கையில் வந்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் இந்தக் காற்றைப் பழக வேண்டும்.

பத்து கிலோமீட்டர். இரண்டு முட்டியும்.

ஜூன் 20

காய்ச்சல். அலுவலகம் போகவில்லை. பீரோவில் எப்போதும் மேலே அனுப்புநர் முகவரி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் நாலைந்து வைத்திருப்பேன். இப்படிப் படுத்துவிட்டால் வீட்டுக்காரர் நடுவில் இரண்டு வரி எழுதி லீவ் லெட்டராக்கிக் கொடுத்துவிடுவார். இன்றும் அப்படித்தான். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் வீட்டில் இந்த ஏற்பாடு உண்டு.

ஜூன் 29, சனி

வேப்பம்பாறை வரைக்கும் போய்விட்டேன். பூட்டிய அலுவலகத்துக்கு முன்னால் நின்று தண்ணீர் குடித்தேன். டீக்கடைக்காரர், "யாரைப் பாக்கோணுங்க?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். மூன்றில் வைத்து ஐம்பது நிமிடம். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, முப்பத்திரண்டு நிமிடம், மோட்டாரை அணைத்தே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "காலங்காத்தால சோத்தைப் போடாம எங்க ஊர்வலம்?" என்றார். இட்லி ஹாட்பாக்ஸில் இருந்தது. திறந்து பார்க்கக் கை இல்லையா?

ஜூலை 12, வெள்ளி

எழுத்துக் கோணலாக வந்தால் வரட்டும்.

மதியம் ஜமீலா என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வாணிக்கா, மறுபடியும் எழுதிக் குடுத்துட்டயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"என்னத்தை எழுதிக் குடுத்தேன்?"

கோட்ட அலுவலகத்தில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்களாம். ஏழாவதாக என் பெயர், கோகிலவாணி. அதற்கு நேராகத் துறப்பு என்று போட்டிருக்கிறதாம். போன மாதம் இருபதாம் தேதிக் கடிதம்.

இருபதாம் தேதி எனக்குக் காய்ச்சல்.

நான் உடனே கோட்ட அலுவலகப் பிரிவு எழுத்தருக்கு போன் செய்தேன். அவர் பாவம், குழம்பிப்போனார். "உங்க வீட்டு சார்தானுங்க மேடம் கொண்டாந்து குடுத்தாரு. லீவ் லெட்டர் உங்க ஆபீசுக்கு, இது எங்களுக்கு. எப்பவும் சார் கையெழுத்துல எழுதி, கீழ உங்க சைன் இருக்கறதுதானுங்களே." அவரைத் திட்டவும் வழியில்லை. வருடக்கணக்காக அப்படித்தான் கொடுத்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து பார்த்தேன். மீதி மூன்று தாள் இருந்தது. நான்காகக் கிழித்தேன், அப்புறம் எட்டாக. வீட்டுக்காரர் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"எனக்குப் ப்ரமோஷன் வேண்டாம்னு யாருங்க எழுதினது?"

கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "நாந்தான். நீ எப்பிடியும் எழுதத்தானே போறே. ரெண்டு தடவையும் சோறு தண்ணி இல்லாம அழுது அழுது எழுதினே. அந்த அழுகை இந்தத் தடவையாச்சும் வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். இதுல என்ன வந்துருச்சு?"

"ஒரு மாசமா அந்த ரோட்டுல நாய் மாதிரி மிதிக்கறனே, கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"முட்டிக்குன்னு தானே சொன்னே?"

டம்ளரை எடுத்துச் சுவரில் எறிந்தேன். எவர்சில்வர், ஒன்றும் ஆகவில்லை. அவர் அதை எடுத்து மேடையில் வைத்துவிட்டுச் சொன்னார், "பதினாலுல நான் போன்னு தான் சொன்னேன். நல்லா யோசிச்சுப் பாரு."

பொய். பச்சைப் பொய்.

ஜூலை 13, சனி

சமைத்தேன், அவர் தட்டில் போடவில்லை. போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நிவேதா சென்னையிலிருந்து போன் செய்து, "அம்மா, அப்பா பாவம்மா. உனக்கு நல்லதுன்னுதானே பண்ணினாங்க" என்றாள். நான் பெற்ற மகள். போனை வைத்துவிட்டேன்.

வேப்பம்பாறை வரைக்கும் போய் வந்தேன். எந்த முட்டி வலித்தது என்று கவனிக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

கோட்ட அலுவலகம் ஊருக்கு வடக்கே நான்கு கிலோமீட்டர். லீவ் போட்டுவிட்டுச் சைக்கிளில் போனேன். லீவ் லெட்டரை நானே எழுதினேன்.

கோட்ட அலுவலர் இளங்கோவன் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். ஃபைலை வரவழைத்து என் பக்கம் திருப்பி வைத்தார். மேலே முகவரி என் எழுத்து, கீழே கையெழுத்து என் எழுத்து, நடுவில் வீட்டுக்காரரின் சாய்ந்த எழுத்தில் ஆறு வரி. "குடும்பச் சூழ்நிலை காரணமாகவும் உடல்நலம் கருதியும்." உடல்நலம்! வாரத்துக்கு அறுபது கிலோமீட்டர் மிதிக்கிறவளுக்கு.

"ரெண்டு வழி இருக்குதும்மா" என்றார். "குழப்பத்துல எழுதிட்டேன், வாபஸ் வாங்கிக்கறேன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. நான் இப்பவே ஏத்துக்கறேன், யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இல்லே, நான் எழுதவே இல்லைன்னு சொன்னீங்கன்னா, அப்ப யாரு எழுதினாங்கறது வரும். எழுதினவரே ஆமான்னு கையெழுத்துப் போடோணும். வெத்துத் தாள்ல சைன் பண்ணிக் குடுத்ததுக்கு உங்களுக்கும் நான் மெமோ தர வேண்டி வரும். எதுன்னாலும் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. புதன்கிழமை லீவு, வியாழக்கிழமை பட்டியல் மேல போயிரும். போயிருச்சுன்னா மூணு வருசத்துக்கு உங்க பேரு வராது."

மூன்று வருடம் கழித்து எனக்கு ஐம்பத்து நான்கு. அதற்கு மேல் எந்தக் காற்றோடு மல்லுக்கட்டுவது?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஃபைலை மூடுவதற்கு முன்னால் பழைய இரண்டு கடிதங்களையும் பார்த்தேன். அடியில் கோக்கப்பட்டிருந்தன. 2014, செப்டம்பர் 11. அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உரக் கம்பெனிக்காரர்கள் கடைக்காரர்களை எல்லாம் ஊட்டிக்குக் கூட்டிப்போயிருந்த வாரம். வீட்டுக்காரர் நான்கு நாள் ஊரிலேயே இல்லை.

இதைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு தாள். "குழப்பமான மனநிலையில் நான் அளித்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்குமாறு" என்று அவர் கையாலேயே எழுதி, கீழே இடம் விட்டு, பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் பேனா, மூடியைக் கழற்றி. நேற்று ஜமீலாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

"கையெழுத்து மட்டும் போட்டுரு. நானே கொண்டுபோய்க் குடுத்தர்றேன். நீ வேலைக்குப் போ, நான் வேண்டாங்கலை. வேப்பம்பாறைக்கே போ. ஊருக்குள்ள என் பேரைக் கெடுக்காம இருந்தாச் சரி."

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த நோட்டு தாங்காது. எனக்கு அவர் செய்ததுகூட அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. மாட்டிக்கொண்ட பிறகும் மறுபடி என் பெயரில் ஒரு கடிதம், மறுபடி அதே எழுத்து, மறுபடி நான் கீழே கையெழுத்து! அந்தத் தாளை வைத்தே அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

நானே எழுதினேன். வெற்றுத் தாளில் கையெழுத்திட்டு வைத்தது என் தவறு. துறப்புக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது என் கணவர். எனக்குத் தெரியாது. பதவி உயர்வை ஏற்கிறேன். இவ்வளவுதான். மூன்று மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் ஒரு தக்காளித் தோட்டக்காரர் பூச்சி மருந்துக்கு நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "உள்ள வா" என்றார்.

"இங்கயே இருக்கறனுங்க." கல்லா மேல் தாளை வைத்தேன்.

"பேட்டரி வண்டிங்களா மேடம்? ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகுங்க?" என்றார் தோட்டக்காரர். நாற்பது என்றேன்.

வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். படித்து முடித்தும் தலை நிமிரவில்லை. "இதுல என்னை எதுக்கு இழுக்கறே?"

"நீங்கதானே எழுதினீங்க."

"அங்க வெச்சுட்டுப் போ. பாக்கறேன்."

"இது வெத்துத் தாள் இல்லீங்க. எல்லாம் எழுதியிருக்குது. படிச்சாச்சுன்னா போடலாம்."

தோட்டக்காரர் மெதுவாக வெளியே போய் என் சைக்கிளைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். மருந்துகூட வாங்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

"நீ அங்க போயிட்டா, சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு நான் எங்க போறது?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, தாளைப் பார்த்துக் கேட்டார்.

இதை அவர் ஜூன் மாதமே கேட்டிருக்கலாம். நானும் வேப்பம்பாறைக்குத்தான் மிதிக்கிறேன் என்று ஜூன் மாதமே சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. "நாலு மணிக்குள்ள குடுக்கோணுங்க" என்றேன்.

பேனாவை எடுத்தார். தன் கையெழுத்துக்கு மேலே தானாகவே ஒரு வரி சேர்த்தார். "துறப்புக் கடிதத்தை எழுதியது நானே. மனைவியிடம் சொல்லவில்லை." என்னிடம் நீட்டினார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இளங்கோவன் சார் இரண்டு தடவை படித்துவிட்டு, "இவ்வளவு தூரம் வேண்டாம்னுதானம்மா நான் சொன்னேன்" என்றார். வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூலை 19

உத்தரவு வந்துவிட்டது. ஆடியில் யாராவது புது வேலையில் சேருவார்களா, ஒரு மாதம் கழித்துச் சேரக் கூடாதா என்று செல்வநாயகி கேட் மேல் சாய்ந்து கேட்டாள். சேருவார்கள் என்றேன்.

வீட்டுக்காரர் டயருக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

காற்று இன்று பிசாசு. ரோட்டில் கிடந்த தென்னை மட்டைகள் எதிரே உருண்டு வந்தன. மூன்றில் ஆரம்பித்தேன், வழியிலேயே ஐந்துக்கு வந்துவிட்டது, கடைசி மேட்டில் பேட்டரி ஒரு கோட்டில் நின்றது. இறங்கித் தள்ளியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். அலுவலக வாசலில் இறங்கும்போது கொண்டை அவிழ்ந்து, கண்ணில் மண், இரண்டு காலும் என்னுடையது மாதிரியே இல்லை. ஒன்பது நாற்பதுக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மொத்தம் நான்கு பேர் வேலை செய்கிற அலுவலகம். இளநிலை உதவியாளர் முத்துக்குமரேசன் தயங்கித் தயங்கி ஒரு கவரைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டதாம். என் பெயருக்கு மெமோ. வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுப் பிறரிடம் கொடுத்தது ஏன், ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். கண்காணிப்பாளராக எனக்கு வந்த முதல் தபால்.

ஏழு நாள் எதற்கு? சாப்பாட்டுக்கு முன்னால் எழுதிவிட்டேன். கையெழுத்திட்டு வைத்தது சோம்பலால், இனி நடக்காது என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா நிற்கவில்லை. "2014-லும் 2019-லும் நான் அளித்த துறப்புக் கடிதங்கள் கணவரின் கட்டாயத்தால் எழுதப்பட்டவை என்று இதுவரை பலரிடம் கூறி வந்துள்ளேன். அது உண்மையல்ல. பொறுப்பேற்கப் பயந்து நானே எழுதினேன்."

முத்துக்குமரேசன் படித்துவிட்டுத் தாளைத் திரும்ப என் மேஜையிலேயே வைத்தார். "மேடம், வெத்துத் தாளைப் பத்தித்தானுங்க கேட்டிருக்காங்க. இதையெல்லாம் கேக்கலீங்களே. வேற எழுதிருங்க மேடம். காலத்துக்கும் ஃபைல்ல நின்னுபோகும்."

"நிக்கட்டும்" என்றேன்.

அவர் இழுப்பறையிலிருந்து என் பதவியின் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். கையெழுத்துக்குக் கீழே நானே குத்தி, இன்றைக்கே அனுப்பச் சொன்னேன்.